"சங்கமா, ஆய்வா?" என்று கேட்கும் நெறியாளருக்கு என்ன பதில்?

கேள்வி:

மதிப்பிற்குரிய அம்மாவுக்கு வணக்கம். மதுரைக்கு அருகில் உள்ள ஓர் உயர்கல்வி நிறுவனத்தில் தாவரவியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். இரண்டாம் ஆண்டு, வயது 27. சொந்த ஊர் உசிலம்பட்டிப் பக்கம். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். மூன்று மாதங்களுக்கு முன் ஆராய்ச்சி மாணவர் சங்கத் தேர்தலில் செயலாளராகத் தேர்ந்தெடுக்கப்பட்டேன். அன்றிலிருந்து நிம்மதி இல்லை. பலருக்கு நான்கு மாதங்களாக உதவித்தொகை வரவில்லை. தினமும் அலுவலகத்துக்கு நடக்கிறேன். "அடுத்த வாரம்" என்கிறார்கள். இரவு பதினொரு மணிக்கும் வாட்ஸ்அப்பில் கேள்வி வருகிறது. சங்கப் பணம் பொருளாளரின் சொந்தக் கணக்கில் இருக்கிறது. ஆண்டு விழாச் செலவை ஏற்பதாக உள்ளூர்க் கட்சிப் பிரமுகர் ஒருவர் சொல்ல, எங்கள் தலைவர் யாரையும் கேட்காமல் சம்மதித்துவிட்டார். போன வாரம் இளைய ஆய்வாளர் ஒருத்தி, தன் நெறியாளர் (ஆய்வு வழிகாட்டி) இரவில் அனுப்பும் செய்திகளைக் காட்டி அழுதாள். யாரிடமும் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டாள். என் நெறியாளரோ, "சங்கமா, ஆய்வா, ஒன்றை முடிவு செய்" என்று சொல்லிவிட்டார். அழகர்மலையில் மாதிரி சேகரிப்புக்கு நான் ஒரு நாள் போகவில்லை, அதில்தான் கோபம். "உனக்கு எதற்கம்மா இந்த வம்பு?" என்கிறார் அப்பா. அமெரிக்காவில் படிக்கும் என் சீனியர் ஒருவர், அங்கே முதுநிலை மாணவர் அவையில் பொருளாளராக இருந்ததைப் பெருமையாகச் சொல்கிறார். எனக்கு அந்தப் பெருமை வரவே இல்லை. விலகிவிடலாமா?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புள்ள மகளுக்கு,

உங்கள் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். விலக வேண்டாம். ஓய்வு பெறும்வரை நெடுங்காலம் மாணவர் நலப் பொறுப்பில் இருந்தவள் நான். சங்க நிர்வாகிகள் கொண்டுவரும் தாள்களை மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து வாசித்தவள். அந்த இடத்திலிருந்து சொல்கிறேன்: நீங்கள் இப்போது செய்து களைத்துப்போகும் வேலையில் பெரும்பகுதி செயலாளரின் வேலையே இல்லை. அலுவலகத்துக்குப் போய் நின்று "என்ன ஆயிற்று?" என்று கேட்பதும், திரும்பி வந்து "அடுத்த வாரமாம்" என்று குழுவில் போடுவதும் தூது போவது. தூது போகிறவரை யார் வேண்டுமானாலும் திருப்பி அனுப்பலாம். தேர்ந்தெடுக்கப்பட்டவர் செய்ய வேண்டியது வேறு. பலருடைய குறையைத் தேதி போட்டு ஒரு தாளில் எழுத வேண்டும். பதில் சொல்லக் கடமைப்பட்டவரிடம் அதைக் கொடுத்துச் சான்று வாங்க வேண்டும். கிடைத்த பதிலை, கிடைக்காவிட்டால் கிடைக்கவில்லை என்பதையும், வாக்களித்தவர்களிடம் சொல்ல வேண்டும். இந்த முறைக்கு மாறினால் உங்கள் நேரம் மிச்சமாகும். நெறியாளருடைய கோபத்துக்கும் அதிலேயே பாதி மருந்து இருக்கிறது.

உதவித்தொகையிலிருந்து தொடங்குவோம். "பலருக்கு நான்கு மாதங்களாக வரவில்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த வாக்கியத்தை அப்படியே பதிவாளரிடம் கொடுத்தால் அவர் நிதிப் பிரிவுக்கு அனுப்புவார். நிதிப் பிரிவு "விவரம் இல்லை" என்று திருப்பும். ஒரு மாதம் ஓடிவிடும். யாருக்கு, எந்த உதவித்தொகை, எந்த மாதம் முதல் என்ற மூன்று விவரங்களும் தாளில் இருக்க வேண்டும். ஏனென்றால் ஒவ்வொரு பணமும் ஒவ்வொரு வழியில் வருகிறது. பல்கலைக்கழக மானியக் குழுவின் இளநிலை ஆய்வு உதவித்தொகை 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய், முதுநிலைக்கு 42,000. இது நேரே ஆய்வாளரின் வங்கிக் கணக்குக்கு வரும் பணம். ஆனால் "இவர் இந்த மாதமும் ஆய்வைத் தொடர்கிறார்" என்று நிறுவனம் மாதந்தோறும் இணையத்தில் உறுதி செய்ய வேண்டும். ஒருவர் பதிவேற்ற வேண்டும், இன்னொருவர் சரிபார்த்து ஒப்புதல் தர வேண்டும். இருவரில் ஒருவர் நீண்ட விடுப்பில் போனாலும், வேறு பிரிவுக்கு மாற்றப்பட்டாலும், துறையிலிருந்து வருகைச் சான்று தாமதமாகப் போனாலும் பணம் நின்றுவிடும். டெல்லியில் நிற்கிறது என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கும் தொகை, பல நேரங்களில் நம் நிறுவனத்திலேயே ஒரு மேசையில் நின்றிருக்கும். நிறுவனமே தன் நிதியிலிருந்து வழங்கும் தொகை என்றால் நிதி அலுவலரின் ஒப்புதலும் தணிக்கையும் வழியில் உண்டு. மாநில அரசுத் துறைகள் வழங்குவதற்கு விண்ணப்பம், சாதிச் சான்று, வருமானச் சான்று என்று தனிப் பாதை. ஆய்வுத் திட்டத்தின் கீழ்ச் சம்பளம் வாங்குபவர்களுக்கு, முந்தைய தவணையை எப்படிச் செலவிட்டோம் என்று காட்டும் பயன்பாட்டுச் சான்றிதழ் போகாவிட்டால் அடுத்த தவணை வராது.

ஆகவே முதலில் ஓர் அட்டவணை போடுங்கள். எழுதத் தொடங்கினாலேயே எங்கே அடைப்பு என்று ஓரளவு தெரிந்துவிடும். மானியக் குழுத் தொகை வாங்கும் அனைவருக்கும் ஒரே மாதத்தில் நின்றிருந்தால், அந்த மாதம் இணைய உறுதி நடக்கவில்லை என்று கிட்டத்தட்ட நிச்சயமாகச் சொல்லலாம். ஒரு துறையினருக்கு மட்டும் நின்றிருந்தால் துறை அலுவலகத்தில் பாருங்கள். பிறகு மனு எழுதுங்கள். ஒரு பக்கம் போதும். பதிவாளருக்கு, நகல் நிதி அலுவலருக்கும் துறைத் தலைவர்களுக்கும். நடந்தது என்ன, எத்தனை பேருக்கு, கேட்பது என்ன, எந்தத் தேதிக்குள் பதில் வேண்டும். வாடகை கட்ட முடியாமல் தவிக்கும் ஒருவரின் நிலையை இரண்டு வரியில் சொல்லலாம். அதற்கு மேல் வேண்டாம். "நிர்வாகத்தின் அலட்சியப் போக்கு" போன்ற சொற்களை முதல் மனுவில் தவிர்த்துவிடுங்கள். அந்தச் சொற்களைப் படித்ததும் அலுவலர் தன்னைக் காத்துக்கொள்ளத் தொடங்கிவிடுவார்; உங்கள் அட்டவணையைப் பார்க்கவே மாட்டார்.

மனுவை யார் கையிலும் கொடுத்துவிட்டு வராதீர்கள். தபால் பிரிவில் கொடுத்து, உங்கள் நகலில் தேதி முத்திரை வாங்குங்கள். இந்த அருமை உங்கள் அப்பாவுக்கு நன்றாகத் தெரிந்திருக்கும். திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் மதுரை கலெக்டர் அலுவலகத்துக்கு வரும் விவசாயிகள், மனு கொடுத்ததற்கான ரசீதைப் பத்திரமாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டுதான் பஸ் ஏறுகிறார்கள். அடுத்த முறை பேச்சு அந்த ரசீதிலிருந்துதான் தொடங்கும் என்பது அவர்களுக்குத் தெரியும். முனைவர் பட்டம் படிப்பவர்கள் ரசீது வாங்காமல் திரும்புகிறோம்.

"கையெழுத்துப் போட எல்லோரும் பயப்படுகிறார்களே" என்பீர்கள். அந்தப் பயம் நியாயமானது. அடுத்த மூன்று ஆண்டுகளுக்கு ஒருவருடைய கையெழுத்தை நம்பி வாழ்பவருக்கு, தன் கையெழுத்தை எங்கே போடுகிறோம் என்ற கவலை இருக்கத்தான் செய்யும். மனுவில் எண்ணிக்கையை மட்டும் எழுதுங்கள். பெயர்ப் பட்டியலை ஒட்டிய உறையில் வைத்துப் பதிவாளரின் பார்வைக்கு மட்டும் என்று கொடுங்கள். மனுவின் அடியில் செயற்குழுவில் இசைந்த அனைவரும் கையெழுத்திடுங்கள். செயலாளர் ஒருத்தியின் கையெழுத்து மட்டும் இருந்தால், எல்லோருடைய பிரச்சினையும் உங்கள் தனிப்பட்ட பிரச்சினையாகச் சுருங்கிவிடும். உங்கள் நெறியாளருக்கு முதலில் தொலைபேசியில் வரும் செய்தியும் அப்படித்தான் இருக்கும்.

பதில் வராவிட்டால் என்ன செய்வது? பல்கலைக்கழக மானியக் குழு 2023 ஏப்ரலில் வெளியிட்ட மாணவர் குறைதீர்ப்பு ஒழுங்குமுறைகளைத் தரவிறக்கி அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள். உதவித்தொகை வழங்காமையும் தாமதமும் அதில் குறைகளாகவே பெயர் சொல்லிக் குறிக்கப்பட்டிருக்கின்றன. சான்றிதழைத் திருப்பித் தராமல் வைத்துக்கொள்வதும், தேர்வு முடிவைத் தாமதப்படுத்துவதும் அந்தப் பட்டியலில் உண்டு. ஒவ்வொரு நிறுவனத்திலும் மாணவர் குறைதீர்ப்புக் குழு இருக்க வேண்டும். புகார் கிடைத்த 15 வேலை நாட்களுக்குள் அது அறிக்கை தர முயல வேண்டும். அதன் நகல் புகார் கொடுத்தவருக்கும் வர வேண்டும். அந்த முடிவில் திருப்தி இல்லை என்றால் 15 நாட்களுக்குள் குறைதீர்ப்பாளரிடம் (ஆம்பட்ஸ்பர்சன்) மேல்முறையீடு செய்யலாம். குறைதீர்ப்புக் குழுவில் மாணவர் ஒருவர் சிறப்பு அழைப்பாளராக உட்காரவும் இடம் இருக்கிறது. அவர் நியமிக்கப்படுபவர், தேர்ந்தெடுக்கப்படுபவர் அல்ல. உங்கள் நிறுவனத்தில் அந்த இடம் நிரப்பப்பட்டிருக்கிறதா, யார் அவர் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். இதற்கும் அப்பால் பத்து ரூபாய்க் கட்டணத்தில் தகவல் அறியும் உரிமைச் சட்ட மனு இருக்கிறது. 30 நாட்களில் பதில் தர வேண்டும். ஆனால் அதை எடுத்த எடுப்பில் பயன்படுத்தாதீர்கள். மனு, நினைவூட்டல், குறைதீர்ப்புக் குழு என்று வரிசையாகப் போனால்தான், நாளை உயர் நீதிமன்ற மதுரைக் கிளை வரை போக நேர்ந்தாலும் உங்கள் கோப்பு பேசும்.

இனி நெறியாளர். அவரை நீங்கள் எதிரியாகப் பார்க்கத் தொடங்கியிருக்கிறீர்கள் என்று உங்கள் எழுத்தில் தெரிகிறது. அவருடைய இடத்திலிருந்தும் ஒரு நிமிடம் பாருங்கள். தாவரவியலில் களப்பணிக்குப் பருவம் உண்டு. வடகிழக்குப் பருவமழை முடிந்து அழகர்மலையில் செடிகள் பூத்திருக்கும் சில வாரங்களைத் தவறவிட்டால் அடுத்த ஆண்டுதான். நீங்கள் வராத அந்த ஒரு நாளில் அவருக்குத் தெரிந்தது, இந்தப் பெண்ணின் ஆய்வேடு ஓர் ஆண்டு தள்ளிப்போகிறது என்பது. அந்தக் கவலைக்குக் காரணம் இருக்கிறது. மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டு ஒழுங்குமுறைப்படி முனைவர் பட்டத்துக்குக் குறைந்தது மூன்று ஆண்டு, அதிகபட்சம் ஆறு ஆண்டு. மறுபதிவு மூலம் இரண்டு ஆண்டும், பெண்களுக்கு மேலும் இரண்டு ஆண்டும் சலுகை உண்டு. ஆனால் உதவித்தொகை அந்தச் சலுகைக்காகக் காத்திருக்காது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பல நெறியாளர்களுக்குப் பதவி உயர்வும், திட்ட நிதியும், விடுப்பும் அதே நிர்வாகத்தின் கையில்தான் இருக்கின்றன. "உங்கள் மாணவி மனு கொடுத்திருக்கிறாளே" என்று யாரோ ஒருவர் நடைபாதையில் கேட்கும்போது அவர் சங்கடப்படுகிறார். அந்தச் சங்கடம் உங்கள்மேல் கோபமாக வந்து விழுகிறது.

அவரிடம் வாதாட வேண்டாம். ஒரு தாளோடு போய் உட்காருங்கள். இந்தப் பருவத்துக்கான ஆய்வுத் திட்டம் அதில் இருக்கட்டும்: எந்த வாரம் அழகர்மலை, எந்த வாரம் சிறுமலை, எந்தத் தேதிக்குள் ஆய்வகப் பகுப்பாய்வு, ஆய்வு ஆலோசனைக் குழு முன் எப்போது அறிக்கை. அந்தக் குழு முன் ஒவ்வொரு பருவத்திலும் முன்னேற்றத்தை எடுத்துரைப்பது உங்கள் கடமை; அதை ஒரு நாள்கூடத் தள்ளாதீர்கள். தள்ளினால், சங்கத்தின்மீது யாருக்கு என்ன கோபம் இருந்தாலும் அதை எழுதுவதற்கு இடம் கிடைத்துவிடும். அந்தத் தாளின் கடைசியில் சங்கப் பணிக்கு வாரத்தில் இரண்டு மாலைகள் என்று நீங்களே எழுதுங்கள். ஆய்வகத்தில் சங்கப் பேச்சு பேசமாட்டேன், ஆய்வகக் கணினியிலும் அச்சுப்பொறியிலும் சங்க வேலை செய்யமாட்டேன் என்று சொல்லுங்கள், சொன்னபடி இருங்கள். நிர்வாகத்துக்குப் போகும் எந்த மனுவைப் பற்றியும் அவர் பிறர் வாயால் கேட்கும்படி விடாதீர்கள். முந்தின நாள் நீங்களே சொல்லிவிடுங்கள். அனுமதி கேட்கும் தொனி வேண்டாம், தெரிவித்தால் போதும். "சார், நாளை உதவித்தொகை பற்றிச் சங்கத்தின் சார்பில் ஒரு மனு கொடுக்கிறோம். உங்களிடம் யாராவது கேட்டால் தெரிந்திருக்கட்டும் என்று சொல்கிறேன்." இவ்வளவுதான். இப்படிச் சொல்லப்பட்ட பிறகும் மாணவியைக் கைவிட்ட நெறியாளர்கள் மிகக் குறைவு. ஒருவேளை அவர் கையெழுத்தை மறுத்து மிரட்டும் நிலைக்குப் போனால், அது வேறு விஷயம். மாணவரைப் பழிவாங்குவதும் நான் மேலே சொன்ன 2023 ஒழுங்குமுறைகளின்படி குறைதான். அப்போது எனக்குத் தனியாக எழுதுங்கள்.

உங்கள் துறையைப் பற்றியோ உங்கள் நெறியாளரைப் பற்றியோ யாராவது சங்கத்திடம் புகார் கொண்டுவந்தால் அதை நீங்கள் கையாளக் கூடாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். இணைச் செயலாளரிடம் ஒப்படைத்து, அப்படி ஒப்படைத்ததைத் தீர்மானப் பதிவேட்டில் எழுதுங்கள்.

அடுத்து அந்த இளைய பெண். உங்கள் கடிதத்தில் என் தூக்கத்தைக் கெடுத்த பகுதி இதுதான். வரிசையில் மூன்றாவதாகச் சொல்கிறேனே தவிர, நீங்கள் முதலில் செய்ய வேண்டிய வேலை இது. யாரிடமும் சொல்லமாட்டேன் என்று சத்தியம் செய்தீர்கள், அதைக் காப்பாற்றுங்கள். செயற்குழுவில் பேசாதீர்கள். தலைவரிடம் சொல்லாதீர்கள். "ஒரு துறையில் ஒரு பெண்ணுக்கு" என்று பெயர் இல்லாமல்கூட வாட்ஸ்அப்பில் போடாதீர்கள்; எத்தனை துறைகள், ஒவ்வொன்றிலும் எத்தனை பெண்கள், அரை மணி நேரத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள். அந்தச் செய்திகளை உங்கள் செல்பேசிக்கு அனுப்பச் சொல்லவும் வேண்டாம். அவளே ஸ்கிரீன்ஷாட் எடுத்து, தேதி தெரியும்படி, தன் நம்பிக்கைக்குரிய ஓரிடத்தில் சேமித்து வைக்கட்டும். அழிக்க வேண்டாம் என்று மட்டும் அழுத்திச் சொல்லுங்கள். அவமானம் தாங்காமல் பலர் முதலில் செய்வது அழிப்பதுதான்.

பிறகு அவளிடம் வழி இருக்கிறது என்று சொல்லுங்கள். பாலியல் தொல்லைப் புகார்களை விசாரிக்க நிறுவனத்தில் உள்ளகப் புகார்க் குழு இருக்க வேண்டும். கடைசியாக நடந்த சம்பவத்திலிருந்து மூன்று மாதங்களுக்குள் எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுக்கலாம். தக்க காரணம் இருந்தால் குழு மேலும் மூன்று மாதம் நீட்டிக்கலாம். எழுத முடியாத நிலையில் இருந்தால் குழுவினரே எழுத உதவ வேண்டும். துணைவேந்தர், பதிவாளர், துறைத் தலைவர் போன்ற உயர் பொறுப்பில் இருப்பவர்கள் அதில் உறுப்பினராக முடியாது. விசாரணை நடக்கும் காலத்தில் அந்த நெறியாளர் அவளுடைய ஆய்வை மதிப்பிடக் கூடாது என்று இடைக்கால ஏற்பாடு செய்யக் குழு பரிந்துரைக்கலாம். அவளுக்கு விடுப்பும் தரலாம். "புகார் கொடுத்தால் என் ஆய்வேடு என்னாகும்?" என்பதுதான் அவளுடைய உண்மையான பயமாக இருக்கும். இந்த ஒரு விதி அவளுக்குத் தெரிந்தால் மூச்சு விடுவாள். முடிவு அவளுடையது. கூட வரட்டுமா என்று கேளுங்கள், தள்ளிக்கொண்டு போகாதீர்கள்.

செயலாளராக நீங்கள் செய்யக்கூடிய ஒன்று இதில் இருக்கிறது. அது யாருடைய ரகசியத்தையும் தொடாது. மானியக் குழுவின் 2015ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகளின்படி, மாணவர் சம்பந்தப்பட்ட புகார் என்றால் அந்தக் குழுவில் மூன்று மாணவர்கள் இடம்பெற வேண்டும்: இளநிலையிலிருந்து ஒருவர், முதுநிலையிலிருந்து ஒருவர், ஆராய்ச்சி மாணவர் ஒருவர். மூவரும் வெளிப்படையான ஜனநாயக முறையில் தேர்ந்தெடுக்கப்பட வேண்டும். உங்கள் நிறுவனத்தில் ஆராய்ச்சி மாணவர் உறுப்பினர் யார்? எப்போது தேர்ந்தெடுக்கப்பட்டார்? குழுவின் பெயர்ப் பட்டியலும் தொடர்பு விவரமும் விடுதியிலும் நூலகத்திலும் ஒட்டப்பட்டிருக்கிறதா? பொதுவான ஒரு கடிதத்தில் இதைக் கேளுங்கள். சங்கம் இந்த ஆண்டு இந்த ஒரு காரியத்தை மட்டும் செய்து முடித்தாலும், வாக்களித்தவர்களுக்குச் செய்ய வேண்டியதைச் செய்தவராவீர்கள்.

பணம் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். இதில் யோசிக்க ஒன்றுமில்லை. பொருளாளர் நல்லவராகவே இருக்கட்டும். சங்கப் பணம் ஒருவருடைய சொந்தக் கணக்கில் இருக்கும்வரை, நாளை அவர் வீட்டில் ஒரு மருத்துவச் செலவு வந்தால் அவருக்கும் ஆபத்து, உங்களுக்கும் ஆபத்து. இருவர் கையெழுத்திட்டால்தான் எடுக்க முடியும் என்ற தனிக் கணக்குக்கு மாற்றுங்கள். அதற்கு நிறுவனத்தின் கடிதம் கிடைக்கத் தாமதமானால் அதுவரை வசூலை நிறுத்துங்கள். மாதம் ஒருமுறை வரவு செலவை அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். ஜெராக்ஸ் கடைச் சீட்டு வரை பைலில் இருக்கட்டும்.

கட்சிப் பிரமுகரின் பணம் வேண்டாம். மாணவர் சங்கத் தேர்தல்கள் பற்றிய லிங்டோ குழுவின் பரிந்துரைகளை உச்ச நீதிமன்றம் 2006 செப்டம்பர் 22 அன்று ஏற்று நடைமுறைப்படுத்தச் சொன்னது. வேட்பாளருக்கு 5,000 ரூபாய்ச் செலவு வரம்பு, 75 விழுக்காடு வருகை, ஆராய்ச்சி மாணவருக்கு 28 வயது வரம்பு, அச்சடித்த சுவரொட்டிக்குத் தடை, நிர்வாகி பதவிக்கு ஒரே ஒரு வாய்ப்பு என்று அதில் பல விதிகள் உண்டு. மாணவர் தேர்தல் அரசியல் கட்சிகளிலிருந்து விலகியிருக்க வேண்டும் என்பதும் அதில் ஒன்று. தேர்தல் செலவுக்கு மாணவர் தரும் நன்கொடையைத் தவிர வேறு பணம் கூடாது என்றும் சொல்கிறது. ஆண்டு விழா தேர்தல் அல்லவே என்று தலைவர் வாதிடலாம். ஆனால் அடுத்த தேர்தலில் அந்தப் பிரமுகரின் ஆள் யார் என்ற பேச்சு விழா மேடையிலேயே தொடங்கிவிடும். அரசியல் ஆர்வம் குற்றம் என்று நான் சொல்லமாட்டேன். உங்கள் தலைவர் தன் சொந்தப் பெயரில் எந்தக் கட்சியிலும் சேரட்டும். அது அவருடைய உரிமை. பல கட்சிகளுக்கு வாக்களிப்பவர்கள் சேர்ந்து தேர்ந்தெடுத்த சங்கத்தை அவர் ஒரு பந்தலுக்குக் கீழே நிறுத்தக் கூடாது. விழாவைச் சிறிதாக நடத்துங்கள். அந்த விதிகளின்படி, முடிவு அறிவித்த இரண்டு வாரத்துக்குள் உங்கள் தேர்தல் செலவுக் கணக்கை ஒப்படைத்தீர்களா என்பதையும் சரிபாருங்கள். இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

தலைவரோடு இதைத் தனியறையில் பேசிச் சண்டை போடாதீர்கள். செயற்குழுவைக் கூட்டுங்கள்; பேச வேண்டியதை மூன்று நாள் முன்பே எழுத்தில் அனுப்புங்கள்; வாக்கெடுப்பு நடத்துங்கள்; முடிவைத் தீர்மானப் பதிவேட்டில் எழுதி வந்தவர்களிடம் கையெழுத்து வாங்குங்கள். நீங்கள் தோற்றால் தோற்றதையும் எழுதுங்கள். எதைச் சொன்னாலும் குறுக்கே விழும் ஓர் உறுப்பினர் எல்லாக் குழுவிலும் இருப்பார். திருநெல்வேலி மாவட்டத்து மானூரில் சுமார் கி.பி. 800ஆம் ஆண்டைச் சேர்ந்த பாண்டியர் காலக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. ஊர்ச் சபையில் வரும் ஒவ்வொரு விஷயத்துக்கும் 'இல்லை, இல்லை' என்று குறுக்கே நிற்பவருக்கு ஐந்து காசு தண்டம் என்று அதில் விதித்திருக்கிறார்கள். அந்த அதிகாரம் உங்களுக்கு இல்லை. எதிர்ப்பவரின் பெயரையும் அவர் சொல்லும் காரணத்தையும் பதிவேட்டில் எழுதுகிறோம் என்று சொல்லிப் பாருங்கள். காரணம் இல்லாத எதிர்ப்பு வெகுவாகக் குறையும்.

வாட்ஸ்அப் குழுவில் நிர்வாகிகள் மட்டும் எழுதும்படி மாற்றுங்கள். குறைகளுக்கு ஒரு படிவமோ மின்னஞ்சல் முகவரியோ வையுங்கள். வெள்ளிக்கிழமை மாலை ஒரே ஒரு அறிக்கை: இந்த வாரம் என்ன கொடுத்தோம், என்ன பதில் வந்தது, எது நிலுவையில் இருக்கிறது. உயிருக்கும் பாதுகாப்புக்கும் சம்பந்தப்பட்டதைத் தவிர இரவு எட்டு மணிக்கு மேல் வருவதற்கு மறுநாள் பதில் சொன்னால் போதும்.

அமெரிக்க சீனியரைப் பார்த்து மனம் வாடியிருக்கிறீர்கள். அங்கே பல பல்கலைக்கழகங்களில் முதுநிலை, ஆராய்ச்சி மாணவர்களுக்கென்றே தனி மாணவர் அரசு இருக்கிறது. மாணவர்கள் கட்டும் கட்டணத்தில் ஒரு பங்கு அதன் கைக்கு வரும்; மாநாட்டுக்குப் போகிறவருக்கு அது பயண நல்கை கொடுக்கும்; அதன் பிரதிநிதிகள் பல்கலைக்கழகக் குழுக்களில் உட்காருவார்கள். அலுவலகமும் விதிப் புத்தகமும் வைத்துக்கொண்டு தொடங்குகிறார்கள். இங்கேயும் அப்படிப்பட்ட ஏற்பாடு அறவே இல்லாமல் இல்லை. சென்னை ஐஐடியில் ஆராய்ச்சி விவகாரச் செயலாளர் என்றே தேர்ந்தெடுக்கப்படும் பதவி ஒன்று உண்டு. தமிழ்நாட்டின் பெரும்பாலான கல்வி நிறுவனங்களில் தேர்தலே அரிது. உங்கள் இடத்தில் தேர்தல் நடந்திருக்கிறது, பதிவேடுதான் இல்லை. அந்தப் பதிவேட்டைத் தொடங்கும் வேலை உங்களுக்கு வந்திருக்கிறது. ஓராண்டு முடியும்போது அடுத்த செயலாளரிடம் மனு நகல்கள், பதில்கள், கணக்கு, கடவுச்சொற்கள், யாரிடம் எதற்குப் போக வேண்டும் என்ற குறிப்பு எல்லாவற்றையும் ஒரே பைலில் கையெழுத்து வாங்கி ஒப்படையுங்கள். நாளை வேலைக்கு விண்ணப்பிக்கும்போது 'செயலாளர்' என்று மட்டும் எழுதாமல், செய்ததை எழுதுங்கள். நின்றிருந்த உதவித்தொகை எத்தனை பேருக்கு எத்தனை வாரத்தில் வந்தது என்ற ஒரு வரி, தேர்வுக் குழுவில் உட்கார்ந்திருக்கும் என்னைப் போன்றவர்களை நிமிர்ந்து பார்க்க வைக்கும்.

அப்பாவிடம் கோபப்படாதீர்கள். மதுரைப் பக்கத்துப் பெரியவர்களுக்கு மாணவர் சங்கம் என்றதும் 1965 ஜனவரி நினைவுக்கு வரலாம். இந்தித் திணிப்பு எதிர்ப்பில் மாணவர்கள் தெருவுக்கு வந்து, ஜனவரி 25 அன்று மதுரையில் மோதல் வெடித்து, மாநிலம் முழுவதும் பரவியது. தடியடியும் துப்பாக்கிச் சூடும் பார்த்த தலைமுறை சொன்ன கதைகளைக் கேட்டு வளர்ந்தவர் மகளுக்காகப் பயப்படுவார். நீங்கள் கொடுக்கும் மனுவின் நகலை ஊருக்குக் கொண்டுபோய் அவரிடம் காட்டுங்கள். முத்திரையைப் பார்த்ததும் அவருக்கே விளங்கிவிடும்.

அந்தப் பெண்ணிடம் நாளையே பேசுங்கள். நெறியாளரை இந்த வாரத்திலேயே தாளோடு போய்ப் பாருங்கள். களப்பணிக்கு நீங்களே ஒரு நாள் குறித்துக்கொண்டு போங்கள். வெள்ளிக்கிழமைக்குள் அட்டவணை தயாரானால் திங்கட்கிழமை தபால் பிரிவில் மனுவைக் கொடுத்துவிடலாம். 15 வேலை நாட்கள் பொறுத்துப் பாருங்கள். பதில் வராவிட்டால் முத்திரையிட்ட நகலை எனக்கு அனுப்புங்கள். குறைதீர்ப்புக் குழுவுக்கான புகாரைச் சேர்ந்து எழுதுவோம்.